முதல் நகல்

ஹாம்பர்கிலிருந்து கடிதம்.
ஆய்வுப் படங்களில் முகங்களைக் கலைத்துவிட வேண்டுமாம்.
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
பழைய வருகைப் பட்டியலை அழித்துவிட வேண்டுமாம்.
தொழிலாளரின் அந்தரங்கத்தை மதிக்கிறோம் என்று
கடைசியில் ஒரு வரி.

பேரணாம்பட்டில் அப்போது கரண்ட் இல்லை.
யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு முகத்தின்மேலும்
சாம்பல் வட்டம் வைத்துக்கொண்டிருந்தேன்:
லூர்துமேரி, தேசிங்கு,
சுண்ணாம்புத் தொட்டிக்குள் குனிந்திருந்த எத்திராஜ்.
குனிந்தவருக்கு வட்டம் தேவையில்லை.
வைத்தேன்.

லக்சம்பர்க்கில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது.
அதன் தீர்ப்புகளைப் படிக்க
இந்தத் தோல் கம்பெனியில் என்னைவிட்டால் ஆளில்லை.
எனக்கும் அது வேலை கிடையாது, நான் பி.காம்.
டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு படிப்பேன்.

தேர்வெழுதியவனின் விடைத்தாள் அவனுடைய தரவு,
திருத்தியவர் ஓரத்தில் கிறுக்கியதும்தான் என்கிறது ஒன்று.
பெயரை எடுத்துவிட்டு எண் போட்டால்
அந்த எண்ணை ஆளாக்கத் தெரிந்தவர் கையில்
அது ஆள்தான் என்கிறது இன்னொன்று.
தகவல் களவுபோனபின் வரும் பயம்கூட
நஷ்டம் ஆகலாம்,
ஆனால் பயந்ததை நிரூபிக்க வேண்டும்.
இதற்குள் குழம்பில் ஆடை கட்டிவிட்டது.

ஹாம்பர்கில் 43 என்பது 43.
என் மேஜை இழுப்பறையில்
எத்திராஜ், த/பெ கன்னியப்பன்,
சுண்ணாம்புப் பிரிவு, சேர்ந்தது 2009.

அந்த எத்திராஜ் நேற்று வந்தார்.
வேலையை விட்டு இரண்டு வருடம்.
வேலூர் பி.எஃப். ஆபீசில்
ஐந்து வருடக் கணக்கைக் காணோமாம்.
விரல் வைக்கச் சொன்னார்களாம்.
மீண்டும் வைக்கவும், மீண்டும் வைக்கவும் என்றதாம் மிஷின்.
பத்து விரலையும் என் முன்னால் விரித்தார்.
சுண்ணாம்பு தின்று தின்று
தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தன.
"வெரலு கீது மேடம். கோடுதான் இல்ல."

ராத்திரி சட்டத்தைத் திறந்தேன்.
பதினேழாம் பிரிவு, மறக்கப்படும் உரிமை.
முதல் பத்தியோடு எல்லாரும் எழுந்துபோய்விடுகிறார்கள்.
மூன்றாம் பத்தி வரை இறங்கினால்
அடியில் கிடக்கிறது:
சட்டப்படி ஒன்றைக் கோரத் தேவையானால்
அழிக்க வேண்டியதில்லை.
முகப்புரையில், பதினான்காவதாக:
எந்த நாட்டவரானாலும், எங்கே குடியிருந்தாலும்.
எங்கே என்பதன் கீழ்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.

மறக்கப்படுவது உரிமை என்றால்
கேட்க வேண்டியவர் எத்திராஜ், ஹாம்பர்க் அல்ல.
இது எந்தத் தீர்ப்பிலும் இப்படி எழுதியிருக்கவில்லை.
நானாகப் படித்துக்கொண்டது.

இம்தியாஸ் சாரிடம் சொன்னேன்.
"ஆர்டர் போச்சுன்னா
உன் மூணாவது பத்தி வந்து சம்பளம் போடுமா?"
முந்நூறு பேர். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

43ஐ மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றுதான்
பதில் எழுத ஆரம்பித்தேன்.
லூர்துமேரி டோக்கன் வாங்கும்போது பார்த்த கை
ஞாபகம் வந்தது.
'43ஐ மட்டும்' என்பதை அடித்துவிட்டு
'எதையும் இப்போதைக்கு அழிக்கவில்லை' என்று போட்டேன்.
அனுப்பியும் விட்டேன். பதில் வரவில்லை.
வரும்.

இன்று எத்திராஜ் நகல் வாங்க வந்தார்.
அறுபத்திரண்டு பக்கம்.
எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்தார்,
தாள் வழுக்கிக்கொண்டே இருந்தது.
நான் புரட்டினேன்.
"இதா நானு?"
ஆமாம், ஒவ்வொரு பக்கத்திலும்.

ஜெராக்ஸுக்கு என்று
சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாயை நீட்டினார்.
எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது,
முதல் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது,
லக்சம்பர்க்கில் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.
"அது எந்தப் பக்கம், சித்தூரு தாண்டியா?" என்று கேட்டுவிட்டு
யூரியா பைக்குள் கட்டைத் திணித்துக்கொண்டு
குடியாத்தம் வண்டிக்கு ஓடினார்.
நூறு ரூபாய் மேஜைமேலேயே கிடந்தது.