இடது

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் பெயர் தீரத் கிரி.
இமயமலைச் சாமியார் யாரோ என்று நினைத்தேன்.
"தீர்த்தமலைக்கு வேண்டிக்கிட்டு வச்ச பேரும்மா.
எழுதின பாபுவுக்கு வாயில நுழையல" என்றார்
இண்டூர் தீர்த்தகிரி,
பீரங்கிப் படை, எழுபத்தொன்று.

பதக்கங்கள் என்ற கட்டத்தில்
ஒரு குறுக்குக் கோடு.
இல்லை என்று எழுதக்கூட
மை செலவழிக்கவில்லை.
போருக்கு ஒன்று, மேற்கு முனைக்கு ஒன்று,
காயத்துக்கு ஒன்று:
மூன்றும் அந்தக் கோட்டுக்கு அடியில் எங்கேயோ.

தருமபுரி கலெக்டர் ஆபீசுக்கு எதிரில்
ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் மனு, என் கடை.
பட்டாவில் அப்பன் பெயர் பிசகினவர்கள் வருவார்கள்.
ரேஷன் கார்டில் செத்துப்போனவர்கள்
உயிரோடு வந்து நின்று
பேனா இரவல் கேட்பார்கள்.
போர்முனையிலிருந்து
ஒருவரும் வந்ததில்லை அதுவரை.

நாசிக்குக்கு ஏழு மனு போட்டோம்.
ஒன்றுக்குப் பதில்: அப்படி ஒரு பெயர் இல்லை.
ஒன்றுக்கு: கிடைக்கப்பெற்றோம்.
நாலுக்கு மௌனம்.
ஏழாவதற்கு ஒரு தாள் வந்தது.
மனுதாரர் சொல்லும் காயமும்
கள மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ள காயமும்
ஒன்றல்ல.

அவர் அதை மடித்தார்.
மடித்ததை இன்னொரு முறை மடித்தார்.
"தாவி ஆத்துத் தண்ணி அவ்ளோ சில்லுனு இருந்துச்சு"
என்று மட்டும் சொல்லிவிட்டு
டவுன் பஸ்ஸைப் பார்த்துப் போனார்.

ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து
பெரியாஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தோடு வந்தார்,
நகல் எடுக்க முடியுமா என்று.
மெஷினில் வைத்தால் கறுப்புதான் விழும்.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

தொடை எலும்புக்குப் பக்கத்தில்
புளியங்கொட்டை அளவு வெள்ளை.
ஐம்பத்து மூன்று வருஷமாக
யாரும் பக்கம் புரட்டாத பதிவேடு.
படத்தின் மூலையில் ஒற்றை எழுத்து,
எல்.

கம்ப்யூட்டரில் ஏழு மனுவையும் திறந்தேன்.
வலது. வலது. வலது. வலது.

அவர் சொல்லவில்லை அப்படி.
முன்னாலே வந்துபோன யாரோ ஒரு ஜவானின் மனுவை எடுத்துப்
பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன்,
தேதியைக்கூட மாற்றினேன்.
கால் மட்டும்
அந்த ஆளுடையதாகவே நின்றுவிட்டது.

இங்கிலீஷ் தெரியாதவரிடம்
மறைத்துவிடலாம்தான்.
சொன்னேன்.
மின்விசிறி சுற்றுவதையே கொஞ்ச நேரம் பார்த்தவர்
கேட்டார்:
"அந்த ஆளுக்காச்சும் கிடைச்சுதா?"

தெரியவில்லை எனக்கு.
அவர் திரும்பி வரவே இல்லை.

அன்று கடை சாத்தினபின்
அருங்காட்சியகத்துச் சுவரோரம் நடந்தேன்.
உள்ளே வெயில் காயும் நடுகற்கள்,
வில்லோடு, வாளோடு.
மாடு மீட்டுப் பட்டவன் பெயரில்
உளி தப்பி ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தால்
அவன் யாருக்கு மனுப் போட?
கொத்தினவனுக்கு அன்றிரவு
சோறு இறங்கியிருக்குமா?

எட்டாவது மனு அரைப் பக்கம்தான்.
பிழை தட்டச்சு செய்தவருடையது,
மனுதாரருடையது அல்ல என்று எழுதி
என் கையெழுத்தையும் போட்டேன்.

சித்திரையில் வந்தது உத்தரவு.
பதிவேடு திருத்தப்பட்டது.
பதக்கங்கள் கையிருப்பு வந்தபின் அனுப்பப்படும்;
அவசரமெனில் அங்கீகரிக்கப்பட்ட கடையில்
சொந்தச் செலவில் வாங்கிக்கொள்ளலாம்.

அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.
இரண்டாம் தரம் சிரித்துவிட்டார்,
பல்லில்லாத பக்கமாக.
"குண்டை மட்டும் அன்னிக்கே
இலவசமாக் குடுத்தானுங்க."

உத்தரவின் தலைப்பில்
இன்னமும் தீரத் கிரி.

எட்டு ரூபாயை எண்ணி வைத்தார், வேண்டாம் என்றும்.
நான் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன்,
பழையது எதையும் பார்க்காமல்.

"உட்காருங்க.
பேரை ஒவ்வொரு எழுத்தா
நீங்களே சொல்லுங்க."