கட்டிதட்டிய இரண்டு மூட்டை

அன்று ஸ்டோரிலிருந்து வெளியே போனவை:
டீசர்ட் நாற்பத்திரண்டு.
பெரிய அளவு போதவில்லை, கௌஷிக் சாரின் வயிற்றில்
கம்பெனிப் பெயர் கொஞ்சம் நீண்டுவிட்டது.
கையுறை நாற்பத்திரண்டு ஜோடி,
சிமெண்ட் பன்னிரண்டு மூட்டை,
ஒரு பேனர், அதைக் கட்டச் சணல்.
எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான்.
கையெழுத்தில்லாமல் ஓர் ஆணி தரமாட்டேன் நான்.

அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒன்பதாவதில் அக்கவுண்ட்ஸ் பெண் வாந்தியெடுத்தாள்.
பதினான்கில் குரங்குகளுக்கு யாரோ பிஸ்கட் எறிந்தார்கள்,
சேவை தொடங்கிவிட்டது என்று ஒரே சிரிப்பு.

நாகலூருக்கு அப்பால்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
ஐந்து வகுப்புக்கு இரண்டே அறையுள்ள பள்ளி.
பின்னால் சரிவு. சரிவிலிருந்து காட்டுமாடு வரும்.
போன மழையில் சத்துணவு அடுப்புவரை வந்து
ஆய்ந்து வைத்த முருங்கைக்கீரையைத் தின்றுவிட்டுப் போனதாம்.
சுவர் வேண்டுமென்று ஜெசிந்தா டீச்சர்
யார் யாருக்கோ எழுதிய கடிதங்களில் ஒன்று
எங்கள் மேஜைக்கும் வந்திருந்தது.

வரைபடம் போடுகிறவர்கள் கல் சுமந்தார்கள்.
டெண்டர் பார்க்கிறவர் கலவை குழைத்தார்.
அர்த்தநாரி மேஸ்திரியும் சித்தாள் பாவாயியும்
எங்களோடு பஸ்ஸில் வந்தவர்கள்தான்.
ஆனால் அவர்களுக்கு அன்று கூலி உண்டு.
கூலி உண்டென்றால் தன்னார்வம் ஆகாது,
தன்னார்வம் ஆகாதென்றால் டீசர்ட் கிடையாது.
டீசர்ட் இல்லாதவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றார்
படம் எடுத்தவர், மரியாதையாகத்தான்.
பலாமரத்தடிக்குப் போய்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார் அர்த்தநாரி.
பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு மணிக்குள் சுவர் எழும்பிவிட்டது.
அதில் பொய்யில்லை, எழும்பியது.
காது கொடுத்துப் பாடம் கேட்பதுபோல்
பள்ளிக்கூடத்துப் பக்கம் சற்றே சாய்ந்து.

திங்கட்கிழமை ப்ரீத்தா மேடம் கணக்குக் கேட்டார்.
நாற்பத்திரண்டு பேர், ஆளுக்கு ஆறு மணி,
இருநூற்றைம்பத்திரண்டு மணி நேரத் தொண்டு.
பயண நேரத்தையும் சேர்க்கலாமா என்றார்.
சேர்த்தோம்.

அடுத்த திங்கள் இருப்பு எண்ணும்போது
இரண்டு மூட்டை குறைந்தது.
அடுக்கைப் பிரித்து மறுபடி எண்ணினேன். இரண்டு.
வாட்ச்மேன் வெகுநேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்குப் போன்.
ஆபீசில் யாரும் எடுக்காததால் என்னிடம் வந்தது.
"நேத்தும் உங்க ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க சார்,
முதல் பஸ்லயே, ஆளுக்கொரு மூட்டையோட.
கை வச்சதும் உதிர்ந்த பக்கத்தை எல்லாம் இறக்கிட்டு
திரும்பக் கட்டினாங்க.
தூக்குக்குண்டு பிடிக்கப் பிள்ளைங்களை விட்டாங்க,
ராத்திரி பூரா அதே பேச்சாம் வீட்டுல.
சாப்பிடச் சொன்னேன், கட்டுச்சோறு இருக்குன்னுட்டாங்க.
டீசர்ட் போட்டிருக்கல,
பேரு கேக்கணும்னே தோணல சார்."

போனை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன்.
வரவு, செலவு, இருப்பு, குறிப்பு.
செலவில் எழுதினால் யார் கையெழுத்து?
மணிக்கணக்கில் சேர்த்தால் அந்தத் தாள்
போன வாரமே சென்னைக்குப் போய்விட்டது.
சேலத்தில் மழை பெய்து ஒன்றரை மாதம்.
குறிப்பில் எழுதினேன்:
கூரை ஒழுகி நனைந்து இரண்டு மூட்டை
கட்டிதட்டிப் போனதால் கழிக்கப்பட்டது.
பதினோரு வருஷத்தில் முதல் பொய்,
நல்ல கையெழுத்தில்.

சாயங்காலம் ரசமட்டம் திருப்பிக் கொடுக்க வந்த அர்த்தநாரி
கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படித்தார்.
எழுத்துக்கூட்டி, மெதுவாக.
பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.
அவர் போட்ட ஷீட். ஒழுகாது.

"ஞாயித்துக்கிழமை வந்து பாத்துடறேன் சார்" என்றார்.