ரெண்டு ராத்திரி, மூணு பகல்

டயர் கம்பெனிக்காரன் கொடுத்த பரிசு.
முன்னூறு டயர் விற்ற கடைக்காரருக்கு
உவரிக் கடலோரம் ரெண்டு ராத்திரி, மூணு பகல்.
காலைச் சாப்பாடு இலவசம்,
மதியமும் ராத்திரியும் நம் பாடு.

திசையன்விளை தாண்டும்வரை
எலக்ட்ரிக் குக்கர் என் மடியில் இருந்தது.
இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் ஒரு கிலோ அரிசியும்
துணிகளுக்கு நடுவே ஒளித்திருந்தேன்.
பலவேசம் கண்ணாடி வழியாகப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
வெளியே காற்றாலைகள்
ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேகத்தில்.

"எல்லாமே சூட்தான் மேடம், தனி ரூமே கிடையாது"
என்றாள் வரவேற்பில் நின்ற பெண்.
ஜெனிட்டா என்று சட்டையில் குத்தியிருந்தது.
"எனக்கு ஸ்வீட்" என்று சின்னவன் கையை நீட்டிவிட்டான்.
அவள் சிரிக்காமல் மேசைக்கடியில் குனிந்து
சில்லுக்கருப்பட்டி ரெண்டு எடுத்துக் கொடுத்தாள்.
சாயந்தரம்வரை அவன் வாயில் சுக்கு மணத்தது.

பதினேழாம் எண்.
ஒரு கூடம், ரெண்டு படுக்கையறை,
கை நீட்டினால் முடிந்துபோகும் சமையலறை,
நாலு ரிமோட்.
வண்ணார்பேட்டையில் ஒரே ஃபேனுக்குக் கீழே
நாலு பேரும் ஒரே திசையில் தலைவைத்துப் படுப்பவர்கள் நாங்கள்.
பிரகதி ஓடி ஓடிக் கதவுகளை எண்ணினாள்.
ஒன்பது, அலமாரியோடு சேர்த்து.

கடலில் இறங்கக் கூடாதாம், சிவப்புக் கொடி.
அதனால் கடலுக்குப் பக்கத்திலேயே
நீலமாய்த் தொட்டி கட்டிக் குளோரின் ஊற்றியிருந்தார்கள்.
விரல் நுனி சுருங்கும்வரை பிள்ளைகள் அதில் கிடந்தார்கள்.
வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு வள்ளம் கரையேறியது,
ஆறு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.
தொட்டியிலிருந்து யாரோ கைதட்டினார்.
வள்ளத்துக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

சீலா வறுவல் அறுநூற்று எண்பது.
பலவேசம் மெனு அட்டையைப்
புண்ணை மூடுவதுபோல் மூடினார்.
பால்கனியில், கடலைப் பார்த்துக்கொண்டு,
பொடிச்சோறு.

பிள்ளைகள் அவர்கள் அறைக்குப் போனார்கள்.
இவர் எங்கள் கதவைச் சாத்தினார்.
தாழ்ப்பாள் விழுந்த சத்தம்
மூணாவது ஆள் ஒருவர் கனைத்ததுபோல் இருந்தது.

கட்டில் அநியாயத்துக்கு அகலம்.
நடுவில் யாரும் இல்லாததால்
ஒரு தலையணையைப் போட்டேன்.

பதினோரு வருஷம்.
கடன் தவணையை, அவர் தம்பி செய்த காரியத்தை,
ஒருமுறை ஒரு முழுச் சண்டையை,
பிள்ளைகள் முழித்துவிடாமல்
மூச்சாலேயே பேசித் தீர்த்திருக்கிறோம்.
என் கோபத்துக்குக் குரல் உண்டா என்பதே மறந்துவிட்டது.

"ஏசியைக் குறைக்கவா?" என்றார், காற்றுக்குக் கேட்காமல்.
"வேண்டாம்" என்றேன், அதைவிட மெல்ல.
கொஞ்சநேரம் அலை.
"எதுக்குட்டி மெதுவாப் பேசுதோம்?"
"நீங்கதான ஆரம்பிச்சிய."

சிரித்தார்.
சிரிப்பு எதிர்ச்சுவர்வரை போய்த் திரும்பி வந்தது.
இந்த மனுஷனுக்கா இவ்வளவு பெரிய சிரிப்பு?
எங்கே வைத்திருந்தார்?

கதவு தட்டும் சத்தம்.
"ஏன் சிரிக்கிய?" பிரகதி.
அவள் பின்னால் போர்வையை இழுத்துக்கொண்டு சின்னவன்.
சொல்லத் தெரியவில்லை.
தலையணையை எடுத்துக் கீழே போட்டேன்.

மறுநாள் ராத்திரி
நீச்சல் அடித்த களைப்பில்
பிள்ளைகள் எட்டு மணிக்கே தூங்கிவிட்டார்கள்.
அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

பதினோரு மணிக்கு அட்டை செத்துவிடும் என்றார்கள்.
செத்துவிட்டதா என்று சின்னவன் செருகிப் பார்த்தான்:
சிவப்பு.
குக்கரில் ஒட்டியிருந்த சோற்றுப்பருக்கையோடு
கீழே இறங்கினோம்.
ஜெனிட்டா பில் நீட்டினாள்.
தண்ணீர் பாட்டில் ரெண்டு, நூற்று அறுபது.
"எல்லாம் வசதியா இருந்துச்சா சார்?"

"இருந்துது" என்றார் பலவேசம்.

அவள் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள்.
"சார்?"