மூன்று கஜம்

கடிதம் எண் பதினொன்று இப்படித் தொடங்குகிறது:
"மாட்சிமை தங்கிய மன்னரின் மண்ணுக்குள்
மூன்று கஜம்."

பாகூருக்குத் தெற்கே வேர்க்கடலைக் கொல்லையில்
எல்லைக் கல்லைத் தாண்டி வந்து
பிரெஞ்சு சிப்பாய்கள் ஓர் ஆளைப் பிடித்துப்போனார்கள்.
திருக்காமு. வில்லியனூர்க்காரன்.
நூற்பாலையில் இரவு முறை,
சங்கத்தின் பொருளாளர்.
"பொருளாளர்" வேண்டாம் என்றார் கொன்சல்.
"ஒரு நபர்" போதும்.

நான் அவருடைய மொழிபெயர்ப்புக் குமாஸ்தா.
மூன்று மொழிக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

குவர்னர் மாளிகையிலிருந்து ஒன்பதாம் நாள் பதில்:
ஐப்பசி வெள்ளத்தில் கல்லே நகர்ந்திருக்கிறது,
ஆகவே அவன் பிடிபட்டது எங்கள் மண்.
நாங்கள்: கல் நகரவில்லை, நகர்த்தப்பட்டது.
அவர்கள்: நகர்த்தியது யார்?
இப்படியே தை போய் மாசி வந்தது.
ஆலை வாசலில் விழுந்த ஆறு பேர்
"அன்றைய அசம்பாவிதம்" என்று
ஓர் அடிக்குறிப்பில் படுத்திருந்தார்கள்.

பிறகு கூட்டு அளவைக் குழு கிளம்பியது.
சங்கிலி, கொடிக்கம்பு, இரண்டு குடை, ஒரு பெட்டி சோடா.
நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று
வரப்பிலேயே கால்மணி நேரம் நின்றார்கள்.
மிதிபட்ட செடிக்கு எந்த ராசா காசு தருவார்
என்று கேட்டார் கொல்லைக்காரர்.
அதை நான் எந்த மொழியிலும் பெயர்க்கவில்லை.

கோகிலம் ஒருநாள் அலுவலக வாசலுக்கு வந்தாள்.
"அந்த மூணு கஜத்துல
அவரு ஏதாச்சும் சொன்னாராமா?"
என்னிடம் கோப்பு இருந்தது, வரைபடம் இருந்தது,
கல்லின் உயரம் அங்குலத்தில் இருந்தது.

இணைப்பு ஐந்து: அவன் மடியில் இருந்த சந்தாப் புத்தகம்.
மாதம் ஆளுக்கு ஒரு பணம், நூற்றுப்பதின்மூன்று பெயர்,
பாதிக்கு மேல் கைநாட்டு.
நான் இங்கிலீஷில் எழுதித் தர,
அதிலிருந்து பிரெஞ்சில் நகல் எடுப்பார்கள்.
இருபத்துமூன்று வருஷத்தில்
எழுத்துப்பிழை என்று ஒரு மெமோ வாங்காதவன் நான்.
அன்று ஏழுமலை ஈலுமல்லி ஆனான்.
பச்சைவாழி பசவள்ளி.
அஞ்சாபுலி அஞ்சலை ஆகிவிட்டான்.
அஞ்சலையைத் தேடி முதலியார்பேட்டைக்குப் போன சிப்பாய்கள்
நான்கு மீன்காரிகளிடம் திட்டு வாங்கித் திரும்பினார்கள்.
துணிச்சல் என்று சொல்லமாட்டேன்.
விளக்கில் எண்ணெய் குறைவு, கண்ணில் நீர் வடிந்தது,
'ழ' எப்போதுமே தொல்லை பிடித்த எழுத்து.

பங்குனியில் சமாதானம்.
குவர்னர் வருத்தம் தெரிவித்தார்.
கொன்சல் அந்த வருத்தத்தை ஏற்று மகிழ்ந்தார்.
காலை பத்து மணிக்கு அதே கல்லருகே
திருக்காமுவை முறைப்படி திருப்பிக் கொடுத்தார்கள்.
இரு பக்கமும் சலாம் வைத்தார்கள்.
அவன் குனிந்து, விலங்கிட்ட கையாலேயே
ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தான்.
காய் பிடிக்கவில்லை.
நிமிர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என
எண்ணி நடந்தான்.

நாலாவது கஜத்தில்
கடலூர் போலீஸ் வண்டி நின்றிருந்தது.
அந்தப் பக்கமும் ஆலை உண்டு,
சங்கம் வைத்தால் அங்கேயும் பொது அமைதி கெடும்.

கடைசிக் கடிதம் ஒரே வரி:
"விவகாரம் இரு தரப்புக்கும் திருப்தியாக முடிந்தது."
அடித்துவிட்டுத் தலைநிமிர்ந்தேன்.
கோகிலம் வாசலில் நிற்கிறாள்.
கடலூர் பஸ்ஸுக்கு
பிரெஞ்சுக் காசு செல்லுமா என்று கேட்கிறாள்.