பிழை ஐம்பத்து மூன்று

தொண்ணூறடி சாலையில் கணுக்கால்வரை தண்ணீர்.
மடிக்கணினியைத் தலைமேல் வைத்து
இரும்பு ஏணியில் ஏறினேன்.
தகரக் கூரைக்கடியில் எம்பிராய்டரி எந்திரம்.
பன்னிரண்டு ஊசிகளும் சும்மா.
பக்கத்தில் பழுப்பேறிய டெஸ்க்டாப்,
மூடி கழன்று ரப்பர் பேண்டில் நிற்கிறது.

“ஹார்டு டிஸ்க் போயிடுச்சு” என்றார் சையது பாவா
தூரத்து உறவு போனதைச் சொல்வது மாதிரி.
புதுசு வாங்கலாமே என்று நான் வாயெடுக்குமுன்
பெட்டியின் பின்புறம் அந்த அகலத் துளையைக் காட்டினார்.
எந்திரம் அதன் வழியாகத்தான் பேசும்.
இப்போது வரும் எதற்கும் அந்த வாய் கிடையாது.
காலையில் பள்ளிக்கு நானூறு பேட்ஜ்.

சிடி டிரைவ் திறக்கிறது, படிப்பதில்லை.
பென் டிரைவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறது.
மிச்சம் கேபிள்.
தீப்பெட்டி இல்லாதவர் அடுத்த அடுப்பில்
காகிதம் பற்றவைத்து வருவதுபோல்
என்னிடமிருந்து அது துவக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.
போன வருடம் எடுத்து வைத்த நகல்
என்னிடம் இருக்கிறது.

அதன் கடிகாரத்தில் இன்று 2002, ஜனவரி ஒன்று.
(எனக்கு மூன்று வயது. இந்த ஊர் தெரியாது.)
பேட்டரி செத்துவிட்டதால்
அணைக்கும்போதெல்லாம் மறந்துவிடும்.
வரிசையில் கடைசியில் நின்ற நெட்வொர்க்கை
மறுபடி மறுபடி முன்னால் கூட்டி வந்தேன்.

நேராக இணைத்தேன். விளக்கு எரியவில்லை.
பழைய கார்டு;
என் வாய் அதன் வாயோடு,
என் காது அதன் காதோடு.
குறுக்குக் கேபிள் வீட்டில் இருக்கிறது, குர்லாவில்,
ரயில் ஓடாத குர்லாவில்.
கீழ்வீட்டு ஸ்விட்சில் ஒரு துளை கடன் கேட்டோம்.

பச்சை.
திரையில் ஒரு சிறு கோடு சுழல்கிறது:
யாராவது இருக்கிறீர்களா,
எனக்கொரு முகவரி.
ஒருவரைப் பார்த்துக் கேட்பதில்லை அது.
விலாசம் இல்லாதவர் தெருவுக்கே கேட்கும்படி
கத்தித்தான் ஆகவேண்டும்.

பதில் வந்தது. பிழை ஐம்பத்து மூன்று.
கீழ்வீட்டு பிராட்பேண்ட் டப்பா
எனக்கு முந்திக்கொண்டு முகவரி கொடுத்துவிட்டது.
எந்தக் கோப்பைப் படிப்பது என்று மட்டும் சொல்லவில்லை.
ரேஷன் கார்டில் முகவரி ஏறிய அன்று
நானும் சயான் பாலத்தின் மேல்
எந்தப் பக்கம் இறங்குவதென்று தெரியாமல் நின்றேன்.

டப்பாவின் கேபிளைப் பிடுங்கினேன்.
“நெட் கேலா ரே!” கீழிருந்து ஒரு பையன் அலறல்.
பாவா ஏணி வழியே ஒரு பிஸ்கட் பாக்கெட்டை இறக்கினார்.

இப்போது முகவரி என்னுடையது, பெயரும் என்னுடையது.
கேட்கிறது. காத்திருக்கிறது. நேரம் முடிகிறது.
என் ஃபயர்வால்
வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தியிருந்தது.
திறந்தேன்.
கோப்பு இல்லை என்கிறது.
இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது!
அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது,
பெயரின் முதலெழுத்தை நான் பெரிதாக அடித்திருக்கிறேன்.
தமிழில் இந்தத் தொல்லையே இல்லை;
எந்த எழுத்தும் எழுந்து நிற்பதில்லை.

புள்ளி. புள்ளி. புள்ளிகள்
திரையை நிரப்பிக்கொண்டு போயின.
பாவா மூச்சு விடாமல் எண்ணினார், உருதுவில்.
பிறகு அந்த நீலத் திரை,
ஓரத்தில் பள்ளியின் பெயர், ஒரு விளக்குப் படம்.

ஏழாவது ஊசி இறங்கியது.

பையனுக்கு நெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
இது வெறும் நினைவில்தான் ஓடுகிறது, பாவா,
கரண்ட் போனால் முதலிலிருந்து, என்றேன்.
துணித் துண்டில் ‘தொடாதே’ என்று மூன்று மொழியில் எழுதி
ஸ்விட்ச் மேல் ஒட்டினார்.

முப்பத்தொன்றாவது பேட்ஜில்
பல்பு ஒருமுறை மங்கியது.
இருவரும் நிமிர்ந்தோம்.
ஊசி நிற்கவில்லை.