உருளாத கோசு

நாற்றங்காலில் விற்காமல் நின்ற தட்டு அது.
தளி ரோட்டில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது
"பன்னெண்டு இருக்கு, முப்பது ரூபா குடுங்கக்கா" என்றான்.
பேரென்ன?
"சைனா கோசு."
தை பிறந்து ஒன்பது நாள்.
நட வேண்டிய பருவம் புரட்டாசி என்று
அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மத்திகிரியில் எனக்கு வாய்த்த நிலம்
வாடகை வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்கு ஆறடி,
துவைகல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில்.
வீட்டுக்காரர் முனிவெங்கடப்பா
ஒரு கூடை சாணம் சும்மா தந்தார்.
யோசனை நாலு கூடை தந்தார்.

சிப்காட்டில் என் வேலை கழிப்பது.
பல்சக்கரம் வந்துகொண்டே இருக்கும்,
வெர்னியரில் கவ்விப் பார்ப்பேன்,
மயிரிழை கூடினாலும் சிவப்புத் தொட்டி.
பதினோரு வருஷம்.
தக்காளிக் கடையிலும் இப்போது
கை தானாகப் பிரிக்கிறது.

அதனால் இலையையும் அளந்தேன்.
முதல் ஞாயிறு தொண்ணூற்றாறு மில்லிமீட்டர்.
அடுத்தது நூற்று நாற்பது.
அதற்கடுத்த வாரம் வெர்னியர் எட்டாமல்
தையல் டேப்பை எடுத்தேன்.
நடு நரம்பு வெள்ளையாக, அகலமாக,
வயிறு முட்டத் தண்ணீர் குடித்த மாதிரி.
காலண்டர் தாளின் முதுகில் குறித்துவைத்தேன்,
பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த தேதிக்கும் பக்கத்தில்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
கம்பெனி பஸ் இறக்கிவிட மணி பதினொன்றரை.
சீருடை கழற்றாமல்
செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
புழு பொறுக்குவேன்.
இலைப்பச்சையில் ஒரு புழு.
தொட்டால் துள்ளி நூல்விட்டுத் தொங்கும்.
ஓட்டை விழுந்த இலையைத் தூக்கிப் பிடித்தால்
அந்தப் பக்கம் தெருவிளக்கு தெரியும்.
சாம்பல் தூவினேன். அதற்கும் அசரவில்லை.

இலைகளைக் கூட்டிக் கட்டினால் உருண்டுவிடும் என்றது ஒரு வீடியோ.
வாழைநாரால் கட்டினேன்.
உச்சிக்குடுமி போட்டுக்கொண்டு
பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.
"கோசு எப்போம்மா உருளும்?"
தினம் பல் துலக்கும்போது கேட்பார் முனிவெங்கடப்பா.
"உருளும்" என்பேன்.

மாசி இரண்டாம் வாரம்
சேலத்து வெயில் வழிதவறி ஓசூருக்கு வந்தது.
நார்க்கட்டைப் பிய்த்துக்கொண்டு
ஒவ்வொரு குடுமியின் நடுவிலும் ஒரு தண்டு.
மறுநாள் ஒரு சாண்.
வெள்ளிக்கிழமை
மஞ்சள்.

முனிவெங்கடப்பா ஒரு இலையைக் கிள்ளி,
கசக்கி, மூக்கருகே வைத்தார்.
"ஏமம்மா, இது ஆவாலு!"
"சாசிவே" என்றாள் அவர் மனைவி துவைகல்லில் இருந்து.
பிறந்த வீடு ஆனேக்கல், அவள் பாஷை அது.
கடுகு, என்றேன் நான் கடைசியாக,
மூன்று பேரும் ஒருவரையொருவர் திருத்துவதைப் போல.
"எங்க ராகிக் கொல்லையில பத்துச் சாலுக்கு ஒரு சால்
இந்தப் பூதாம்மா நிக்கும்."

சீனா வரை போய்விட்டதாக நினைத்து
என் தாளிப்புக் கரண்டியில் வந்து இறங்கியிருக்கிறேன்.

கணக்குப்படி பதினொன்று கழிவு.
ஒன்று மட்டும் டேங்க் நிழலில் பூக்க மறந்து
கைமுட்டி அளவுக்கு இறுகியிருந்தது.
அறுத்தேன். எடை போடவில்லை.
தட்டப்பயறோடு வேகவைத்துக் களிக்குத் தொட்டுக்கொண்டோம்,
வீட்டுக்காரர்களும் நானும்.
முதலில் வெறும் தண்ணீர் இனிப்பு.
விழுங்கிய பிறகு, தாமதமாக,
தொண்டையில் ஒரு சுருக்.

மற்றதைப் பிடுங்கக் கை போனது.
தேனீ உட்கார்ந்திருந்தது.
சரி, நாளைக்கு, என்று விட்டேன்.
அந்த நாளை வரவேயில்லை.

திங்கட்கிழமை ஷிப்டில் ஒரு சக்கரம்,
மயிரிழை அதிகம்.
வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
பிறகு சிவப்புத் தொட்டியில்தான் போட்டேன்.
சக்கரம் பூக்கப்போவதில்லை.

இப்போது சித்திரை.
நெற்றுகள் காய்ந்து, காற்றடித்தால்
பாக்கெட்டில் சில்லறை போல ஓசை.
புரட்டாசிக்கு ஐந்து மாதம் இருக்கிறது.
அதற்குள் பக்கத்து வீட்டுக் கோழி
வேலியில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் இருக்கவேண்டும்.