இடமாற்றத்துக்கு உட்பட்டவை

நிலத்தைக் கொத்தக் கூடாது,
இது பரிமளகாந்தி அக்காவின் முதல் நிபந்தனை.
இரவு வேலை முடிந்து வந்து படலையை அடித்துச் சாத்தக் கூடாது,
இது இரண்டாவது.
இரண்டுக்கும் ஓமென்றேன்.
மூன்று வருடம்தானே.
மல்லாவி கஷ்டப் பிரதேசம் என்று
நியமனக் கடிதத்திலேயே இருந்தது.

ஆகவே பேணிகள்.
பால்மாப் பேணி, மாஜரின் டப்பா,
யோகச்சந்திரன் ஹாட்வெயாரில் கேட்டு வாங்கிய பெயின்ற் வாளி,
வார்ட்டில் கழித்த சேலைன் போத்தல்கள்
கழுத்தறுத்துத் தலைகீழாய்.
ஆணியைச் சுட்டு அடியில் துளை போட்டேன்.
துளை முக்கியம்.
நீர் கட்டினால் வேர் அழுகும்,
கட்டுக்குள் ஈரம் நின்ற புண்ணைப் போல.

மண் மட்டும் காசுக்கு வந்தது, அரை உழவு இயந்திரப் பெட்டி.
அரித்தபோது சல்லடையில் நின்றவை:
வேர்த்துண்டு, ஓட்டுச் சில்லு, சட்டைப் பொத்தான் ஒன்று,
சுண்டுவிரல் நீளப் பித்தளை.
பித்தளையை அக்கா ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனாள்.
பொத்தானை மறுபடி வந்து கேட்டு வாங்கினாள்.
அதன் பிறகு
கொத்தலாமா என்று நான் கேட்கவே இல்லை.

கற்பூரவள்ளி யார் கைக்கும் வரும்.
கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே
சரித்து வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி,
ஒரு பகல் நிழலில் கிடத்தி நட்டால் போதும்.
பத்தாம் நாள் மெல்ல இழுத்துப் பார்,
அது உன்னை இழுக்கும்.

புதினாவுக்கு மண்கூடத் தேவையில்லை.
ஜன்னலோரம் மருந்துக் குப்பிகளில் நின்று
தையல் நூல் போல வெள்ளை வெள்ளையாய் விடும்.
பிளாஸ்டர் துண்டில் திகதியும் இலக்கமும் எழுதி ஒட்டுவேன்.
மூன்றாம் இலக்கம், துளசி,
பங்குனி வெயிலில் போனது.
ஏழாம் இலக்கம், வல்லாரை,
டப்பா விளிம்பைத் தாண்டி ஓடி
பக்கத்து டப்பாவில் வேர் பிடித்துக்கொண்டது.
எந்த வார்ட்டிலும் ஒருவர் இப்படி இருப்பார்.

கிணற்று நீர் காய்ந்த இடமெல்லாம்
வாளி விளிம்பில் வெள்ளையாய்ப் பூக்கும்.
சுரண்டிவிட்டு வேலைக்குப் போவேன்.
வெள்ளிக்கிழமைக் கிளினிக்கில்
அதே கிணறுகளின் ஆட்கள்
மடியில் சிறுநீர்ப் போத்தலோடு இருப்பார்கள்.

கறிவேப்பிலைதான் பிடிகொடுக்கவில்லை.
பதினொரு தடி நட்டேன். பதினொன்றும் கறுத்தன.
ஆஸ்பத்திரிக் குசினி நாகேஸ் சிரித்தான்:
“தடி வராது மிஸ்ஸி, வேரில வெடிக்கிற கன்றை எடுங்கோ.”
தேங்காய் துருவும் கத்தியால் கெல்லி
அவனே எடுத்தும் தந்தான்.
அதற்குத்தான் பெயின்ற் வாளி.
இடுப்பளவு வந்தது.
அக்கா கேட்காமல் உருவுவாள்,
நான் காணாததுபோல் இருப்பேன்.

கார்த்திகையில் கடிதம் வந்தது.
திருக்கோவில். என் ஊர். ஒன்றாம் திகதி கடமையேற்க வேண்டும்.
புதினா நாகேசுக்கு,
வல்லாரை அக்காவுக்கு,
கற்பூரவள்ளி கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு முறி.
வாளியைத் தூக்கப் போனேன்.
வரவில்லை.
நாகேசும் வந்து பிடித்தான். அசையவில்லை.
சரித்துப் பார்த்தால்
நான் சுட்டுப் போட்ட துளையால் இறங்கியிருக்கிறது,
பென்சில் தடிப்பில்,
கொத்தக் கூடாத நிலத்துக்குள்.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.
“நான் கொத்தேல்லை அக்கா” என்றேன்.
“தெரியும், வெட்டு.”
வெட்டினேன்.
சத்தம் வந்தது, சிறிய சத்தம்தான்.

மாங்குளத்தில் பஸ் மாறும்போது
வாளிக்கும் அரை ரிக்கற் என்றான் கொண்டக்டர்.
வாதாடத் தெம்பில்லை, கொடுத்தேன்.
வவுனியாவுக்குள் இலை உதிரத் தொடங்கிவிட்டது.

மூன்று கிழமை கழித்து அக்காவின் குரல்பதிவு.
பின்னால் கோழிச் சத்தம்.
“வாளி இருந்த வட்டத்தில நாலு கன்று வெடிச்சிருக்கு.
புடுங்கிறதோ விடுறதோ?”

இங்கே என் வாளியில் மொட்டைத் தடி நிற்கிறது.
நகத்தால் கீறினேன்.
பச்சையா, பச்சை மாதிரியா என்று
மாலை வெளிச்சத்தில் சொல்ல முடியவில்லை.

கொத்தாதேங்கோ அக்கா என்று அனுப்பினேன்.
கோப்பை கழுவிற தண்ணியை
அந்தப் பக்கம் விடுங்கோ.